கர்சிவ் என்றால் சேர்த்து எழுதுவதா, சாய்த்து எழுதுவதா?

கேள்வி:
நாலு கோடு நோட்டில் எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் கர்சிவ் என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். எழுத்துரு வடிவமைப்பவர்களோ அச்சில் வரும் சாய்ந்த எழுத்தான இட்டாலிக்கையும் கர்சிவ் என்கிறார்கள். அதில் ஓர் எழுத்தும் அடுத்ததைத் தொடுவதில்லையே? சாய்ந்திருப்பதாலா?

பதில் 1:
இரண்டும் இல்லை. 'ஓடு' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. கை ஓடும்போது எழுத்து எடுக்கும் வடிவம்தான் கர்சிவ். பேனாவைத் தூக்குவது குறையும். ஆங்கிலச் சின்ன 'என்' (n) எழுதிப் பாருங்கள். ரோமன் வடிவில், அதாவது நிமிர்ந்த சாதாரண அச்செழுத்தில், கோட்டை இறக்கி, பேனாவைத் தூக்கி, மறுபடி மேலே வைத்துத்தான் வளைவைப் போடுவோம். இட்டாலிக்கில் அடியைத் தொட்டதும் தூக்காமல் அதே கோட்டின்மேல் ஏறினால், ஏறக்குறைய பாதி உயரத்தில் கிளை பிரியும்.

15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இப்படி எழுதிய கையெழுத்தைத்தான் வெனிஸ் பதிப்பாளர் ஆல்டஸ் மனூசியஸுக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ அச்செழுத்தாக வெட்டினார். 1501இல் வெளிவந்த வெர்ஜில் நூல் முழுக்க அந்த எழுத்துதான். வேடிக்கை என்னவென்றால், அதில் பெரிய எழுத்துகள் சாயாமல் நிமிர்ந்தே நிற்கும்.

பதில் 2:
கணினியில் சோதிக்க எளிய வழி: ஆங்கிலச் சின்ன 'ஏ'வைப் பாருங்கள். ரோமனில் இரண்டு அடுக்காக (a) இருந்தது ஒற்றை அடுக்காக (ɑ) மாறினால் பெரும்பாலும் கர்சிவ் வடிவம். மாறாமல் சாய்ந்தது மட்டும் என்றால் அது ஆப்ளிக். ரஷ்ய எழுத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும்: 'த' ஒலிக்கான சின்ன எழுத்து இட்டாலிக்கில் ஆங்கில 'எம்' போல ஆகிவிடும். வெறுமனே சாய்த்தால் அது வராது.

தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் தனி இட்டாலிக் கிடையாது. இட்டாலிக்குக்கான 'I' பொத்தானை அழுத்தினால் மென்பொருளே எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. வளைவுகளின் தடிமன் இடம் மாறி 'ஞ', 'ஐ' எல்லாம் கோணலாகும். தமிழில் அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்தே மேல்.

கேட்டவர்:
நன்றி. முனை தட்டையாக அகன்ற 2 மி.மீ. பட்டை நிப்பில் 'என்' எழுதினேன். மேலே ஏறும்போது நிப் காகிதத்தில் சிக்கி மை தெறிக்கிறது.

பதில் 1:
ஏறும்போது அழுத்துகிறீர்கள். இறங்கும் கோட்டுக்கு மட்டும் லேசான அழுத்தம். ஏறும்போது நிப் காகிதத்தை உரசினால் போதும். நிப்பின் பட்டை முனை எழுதும் வரிக்கு 45 பாகையில் இருக்கும்படி பிடியுங்கள். 30க்கு இறங்கினால் மெலிய வேண்டிய கிளை தடித்துவிடும். சின்ன எழுத்தின் உயரம் நிப் அகலத்தைப்போல் 5 மடங்கு, உங்களுக்கு 10 மி.மீ. சாய்வு 5 முதல் 10 பாகை போதும், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. நார் எழும்பாத வழவழப்பான தாளாகப் பாருங்கள். சொரசொரப்பான தாளில் யார் எழுதினாலும் தெறிக்கும்.