நான்கே மாதத்தில் பிளந்த மேசை: பசையின் குறையா, என் கையின் குறையா?

மரவாசம் கேட்டது:

போன வியாழக்கிழமை இரவு 11 மணிக்கு மேல் கூடத்தில் ‘பட்’டென்று ஒரு சத்தம். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எதுவும் விழுந்திருக்கவில்லை. காலையில் மகள்தான் கூப்பிட்டாள்: “அம்மா, மேசையில கோடு விழுந்திருக்கு.” கிட்டப் போய்ப் பார்த்தால் பிளவு. மேசையின் ஒரு முனையில் தொடங்கி 38 செ.மீ. ஓடியிருக்கிறது. முனையில் 3 மி.மீ. அகலம், போகப் போக மயிரிழையாக மெலிந்து நின்றுவிடுகிறது.

இது நானே செய்த மேசை. 8 வாரம், எல்லாச் சனி ஞாயிறும் இதற்குத்தான் போனது. 150 செ.மீ. நீளத்தில் 5 பலகைகள், ஒவ்வொன்றும் 16 செ.மீ. அகலம். விளிம்பை இழைப்புளியால் சீவுவது, இரண்டு பலகையைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது, நடுவில் ஒளி கசிந்தால் மறுபடி சீவுவது. முதல் மூட்டுக்கே ஒரு நாள் முழுக்க ஆனது. வெள்ளை மரப்பசை தடவி, கிளாம்ப் (பலகைகளை நெருக்கிப் பிடிக்கும் இடுக்கி) போட்டு, ஒரு நாள் விட்டேன். அப்புறம் பலகை வளையாமல் இருக்க அடியில் குறுக்கே 3 சட்டங்கள் வைத்து, அவற்றுக்கும் பசை தடவி, ஒவ்வொன்றிலும் 6 ஸ்க்ரூ போட்டு நன்றாக இறுக்கினேன். 80, 120, 180 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்து, மேலே மூன்று கை வார்னிஷ் அடித்தேன். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். செய்தது மழைக்காலத்தில். இப்போது கடுமையான வெயில்.

வேலை முடிந்த அன்று இரவு அந்தப் பலகையைக் கையால் நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாங்கி வந்த எந்தப் பொருளையும் நான் அப்படித் தொட்டதில்லை. இப்போது 4 நாளாக அதன் எதிரில் உட்கார மனம் வரவில்லை.

பசை சரியில்லையா, பலகை சரியில்லையா, நான் செய்த முறையே தவறா? பிளவை அடைத்துவிட்டால் போதுமா, பிரித்துத்தான் செய்ய வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்புவாளி எழுதியது:

பிரிக்க வேண்டாம் சகோதரி. என் வீட்டில் ஒரு அலமாரிப் பலகை இப்படித்தான் விரிசல் விட்டது. மரத்தூளை மரப்பசையில் குழைத்து அடைத்தேன், காய்ந்ததும் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். ஒரு மணி நேர வேலை. பசை பட்ட இடம் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். 8 வாரம் உழைத்ததை நம் கையாலேயே உடைக்க மனசு கேட்காது.

தச்சன்மகன் எழுதியது:

அடைக்க வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பிளவுக்குள் எதையுமே போடாதீர்கள். தூசி போகாமல் மேலே ஒரு காகித ஒட்டுப்பட்டி மட்டும் ஒட்டி வையுங்கள். ஒரு விஷயம் சொல்லுங்கள்: பிளவு இரண்டு பலகை சேரும் மூட்டில் இருக்கிறதா, ஒரு பலகையின் உடம்பிலேயே இருக்கிறதா?

மரவாசம் எழுதியது:

மூன்றாவது பலகையின் உடம்பில். பக்கத்து மூட்டிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஓடுகிறது. நான்கு மூட்டுகளும் அப்படியே இருக்கின்றன, நகம் கூட இறங்கவில்லை.

தச்சன்மகன் எழுதியது:

அப்படியென்றால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மரமே கிழிந்திருக்கிறது, பசை விடவில்லை. விளிம்பு சீவ நீங்கள் செலவழித்த நாட்கள் அத்தனையும் அந்த நான்கு மூட்டுகளில் பத்திரமாக இருக்கின்றன.

தவறு அடியில் உள்ள 3 சட்டங்களில் இருக்கிறது. அறுத்துப் பலகையாக்கிய பிறகும் மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஊதும், சுருங்கும். மரத்தின் நார் வரிகளான ரேகை ஓடும் நீளவாக்கில் அது மிகமிகக் குறைவு. ரேகைக்குக் குறுக்கே, அகலவாக்கில், நிறைய. உங்கள் மேசையையே கணக்குப் போடுவோம். மழைக்காலத்திலிருந்து வெயிலுக்கு வரும்போது மரத்தின் ஈரம் 4 சதவீதம் குறைந்தது என்று வையுங்கள். 80 செ.மீ. அகலம் ஏறக்குறைய 5, 6 மி.மீ. சுருங்கப் பார்க்கும். 150 செ.மீ. நீளமோ அரை மி.மீ. கூடக் குறையாது. குறுக்குச் சட்டத்தின் நீளம் உங்கள் மேசையின் அகலத்தில் கிடக்கிறது இல்லையா? அது சுருங்காமல் நிற்க, மேலே உள்ள பலகை சுருங்க இழுக்க, பசையும் 18 ஸ்க்ரூவும் விடாமல் பிடிக்க, கடைசியில் மரம் தன்னையே கிழித்துக்கொண்டது. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். பிளவு முனையில் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. பலகையின் வெட்டுமுகம், அதாவது ரேகையைக் குறுக்கே அறுத்த முனை, வழியாக ஈரம் வேகமாக வெளியேறும், அதனால் முனைதான் முதலில் காயும்.

என் அப்பா தச்சர். மேசைப் பலகையைச் சட்டத்தோடு ஒட்டவே மாட்டார். “மாட்டு, பூட்டாதே” என்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. நான் தனியாகச் செய்த முதல் பெட்டியின் மூடி பிளந்தபோதுதான் புரிந்தது.

அடைக்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? மழை வந்ததும் பலகை மறுபடி ஊதும். நடுவில் கெட்டியாக அடைப்பு இருந்தால் பிளவு மூட முடியாது. அடைப்பு நொறுங்கி வெளியே வரும், இல்லாவிட்டால் ஆப்பு வைத்ததுபோல் பிளவை இன்னும் நீட்டும். அதோடு, காய்ந்த பசை படிந்த இடத்தில் புதுப் பசை மரத்துக்குள் இறங்காது. பிறகு சரியாக ஒட்ட நினைத்தாலும் முடியாமல் போகும். சிவப்புவாளி அண்ணன் செய்தது தாங்கியின் மேல் சும்மா கிடக்கும் அலமாரிப் பலகைக்குத் தாங்கும். பூட்டிய மேசைக்குத் தாங்காது.

மேசையைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். சட்டங்களை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுங்கள். சட்டம் போனால் போகட்டும், பலகைதான் முக்கியம். பிறகு பலகையின் இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி கட்டைகளின் மேல் 2 வாரம் விடுங்கள். பிடி போனதும் பிளவு பெரும்பாலும் தானே நெருங்கும். நெருங்கிய பிறகு, கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிய பசையை மெல்லிய தகட்டால் உள்ளே தள்ளி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் வையுங்கள்.

புதுச் சட்டத்துக்குப் பசையே வேண்டாம். நடுவில் ஒரு ஸ்க்ரூ மட்டும் வட்டத் துளையில் இறுக்கமாக. மற்ற துளைகளைச் சட்டத்தின் நீளவாக்கில் 8, 10 மி.மீ. நீட்டி, வாஷர் போட்டு, வழுக்கும் அளவுக்கு இறுக்குங்கள். நடு ஸ்க்ரூ பலகையை இடத்தில் நிறுத்தும், ஓரங்கள் இரண்டு பக்கமும் நகர்ந்துகொள்ளும். அப்புறம் அடிப்பக்கத்துக்கும் மேலே அடிக்கும் அதே எண்ணிக்கையில் வார்னிஷ். வார்னிஷ் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, ஏறுவதையும் இறங்குவதையும் மெதுவாக்கும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் முந்திக்கொண்டு பலகை வளையும்.

இந்த முறை வார்னிஷுக்குப் பதிலாக ஆளி விதை எண்ணெய் பூச நினைத்தால் ஒரு எச்சரிக்கை. துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், குவியலுக்குள் அது தங்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிட்டுத்தான் தூக்கிப் போட வேண்டும்.

ஊசிநூல் எழுதியது:

எனக்கு மரம் தெரியாது, துணி தெரியும். ஆனால் தச்சன்மகன் சொன்னதைப் படித்ததும் என் ஜன்னல் திரைதான் ஞாபகம் வந்தது. நல்ல பருத்தித் துணி, தரையைத் தொடும் உயரம், 210 செ.மீ. அடி ஓரத்தில் கையாலேயே பூத்தையல், உள்பக்கம் பாலியஸ்டர் லைனிங். துணியை முன்கூட்டி நனைத்துக் காயவைக்காமல் தைத்துவிட்டேன். முதல் சலவையிலேயே பருத்தி 10 செ.மீ. சுருங்கிவிட்டது. நெய்யும்போது இழுத்துப் பிடித்த நூல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து பழைய அளவுக்குப் போகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். லைனிங் சுருங்கவில்லை, அதனால் திரை முழுக்கச் சுருக்கம். உங்கள் பலகையும் சட்டமும் மாதிரியேதான்.

3 மாலை உட்கார்ந்து அவிழ்த்தேன். முதல் மாலை அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவிழ்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன். முதல் ஜன்னலின் தையல்கள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டாவது ஜன்னலின் நடுவுக்கு வரும்போது எல்லாம் ஒரே அளவு, எண்ணி வைத்தது போல. என் கை எந்த இடத்தில் பழகியது என்று விரலால் தொட்டே சொல்ல முடிந்தது. தைத்து முடித்து மாட்டியபோது எனக்கு அது தெரியவே இல்லை.

பிரியுங்கள் அக்கா. உங்கள் கை என்ன செய்திருக்கிறது என்று அடியிலிருந்தும் பாருங்கள்.

மரவாசம் எழுதியது (இரண்டரை மாதம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக வந்து எழுதுகிறேன், வேலை அத்தனை இருந்தது.

சட்டம் பெயர்க்கவே 2 வார இறுதிகள் போயின. பசை அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு இடத்தில் உளி வழுக்கிப் பலகையின் அடியில் ஒரு குழி விழுந்தது, அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கழற்றிய ஸ்க்ரூக்களில் ஓரத்தில் இருந்த இரண்டு லேசாக வளைந்திருந்தன. பலகை எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமாகவே. அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான், தச்சன்மகன், நீங்கள் எழுதிய கணக்கு முழுக்கப் புரிந்தது. மரம் 4 மாதமாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, நான் அதன் மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசிச் சட்டம் வந்த மறுநாளே பிளவு பாதியாக நெருங்கிவிட்டது. 12ஆம் நாள் ஒரு காகிதம்தான் நுழைந்தது. பசை தள்ளத் தகடு போகவில்லை, மெல்லிய நூலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து இழுத்து உள்ளே சேர்த்தேன். (ஊசிநூல், அந்த யோசனை உங்களால் வந்தது.) இப்போது சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் ஒரு மெல்லிய ரேகை தெரியும். அதை மறைக்க எதுவும் செய்யவில்லை.

புதுச் சட்டங்களை நீட்டிய துளைகளோடு போட்டு, அடிப்பக்கத்துக்கும் மூன்று கை வார்னிஷ் அடித்தேன். ஒரு சட்டத்தின் முனைக்கு நேரே, பலகையின் அடியில் பென்சிலால் ஒரு கோடும் போட்டு வைத்தேன்.

மழை தொடங்கி 3 வாரம் ஆகிறது. இன்று காலை டார்ச்சும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் படுத்தேன். கோடு சட்டத்தின் முனையை விட்டு ஒரு மி.மீ. வெளியே போயிருக்கிறது. மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் தரையில் படுத்து அளந்து பார்த்துவிட்டு, பக்கத்திலேயே தேதியை எழுதி வைத்தாள்.