முதல் கர்ப்பம், ஆரம்ப வாரங்கள்: யாரிடம் முதலில் சொன்னீர்கள்?

எனக்கு அப்போது ஐந்தாவது வாரம். டெஸ்ட் கிட்டில் கோடு அவ்வளவு மங்கல், நானும் அவரும் ட்யூப்லைட்டுக்கு அடியில் நின்று மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தோம். இரண்டு நாள் விட்டு மறுபடி பார்த்தால் பளிச்சென்று விழுந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் குழந்தைக்காக நாலு வருடமாகச் சிகிச்சையில் இருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் போட்டேன். சின்ன வயதிலிருந்து எதுவானாலும் அவளிடம்தான் முதலில் சொல்வேன். "ரொம்பச் சந்தோஷம்டி, உடம்பைப் பார்த்துக்கோ" என்றாள். அப்புறம் அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. "அக்கா, லைன்ல இருக்கியா?" "இருக்கேன், பாத்திரம் கழுவறேன்." மணி இரவு 11. என் பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

* * *

நாங்கள் 12 வாரம் முடியட்டும் என்று யாரிடமும் வாயே திறக்கவில்லை. எட்டாவது வார ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றுவிட்டார்கள். மூன்று நாள் கழித்து வேலைக்குப் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் "என்ன, லீவு போட்டு நல்லா சுத்தினீங்களா?" என்று சிரித்தார். அவர் மேல் தப்பே இல்லை. "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். அம்மாவிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை. வந்ததையே சொல்லாதபோது போனதை எப்படிச் சொல்வது?

* * *

முதல் பதிவு போட்டவருக்கு: சிகிச்சையில் இருப்பவரிடம் இதைப் போனில் சொல்லக் கூடாது. மெசேஜ் அனுப்பியிருந்தால் உங்கள் அக்கா அழுது முடித்து, முகம் கழுவி, நிதானமாகப் பதில் போட்டிருப்பார்.

என் கதை சின்னது. பல் எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் "கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்று வாயில் வந்துவிட்டது. கணவருக்குத் தெரியும் முன்னே, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்குத்தான் தெரிந்தது.

சரி, இப்போதுதான் தெரிந்துகொண்டவர்கள் கேளுங்கள். சொந்தக்காரர்களுக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் என்கிற வைட்டமின் மாத்திரை தினமும் 400 மைக்ரோகிராம், 12 வாரம் வரை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய் ஆறாவது வாரவாக்கிலேயே மூடிவிடும், தள்ளிப்போடாதீர்கள். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து; நாள் தள்ளிப்போகும்போதே நாலு வாரம் ஆகியிருக்கும். ஐந்தாவது வாரத்திலேயே ஸ்கேனுக்கு ஓடினால் துடிப்பு தெரியாமல் போகலாம், பயந்துவிடாதீர்கள். இரண்டாவதாக எழுதிய சகோதரிக்கும் ஒன்று. கலைவது பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள்தான் நடக்கிறது, அதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) கோளாறு. நீங்கள் வேலைக்குப் போனதோ படி ஏறியதோ அல்ல. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

* * *

இங்கே ஓர் ஆண் எழுதலாமா தெரியவில்லை. ஸ்கேன் முடியும்வரை யாருக்கும் வேண்டாம் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை, அப்பாவிடம் மட்டும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அவளுக்கு ஏழு போன். ஏழாவதைப் பேசி முடித்ததும் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். "இதை நான் ஒருத்தர்கிட்டகூட சொல்லலை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

* * *

மெசேஜ் அனுப்பச் சொன்னவரே, அது ஆளுக்கு ஆள் மாறும். நானும் அந்த அக்கா இருக்கும் இடத்தில் இருந்தவள். மூன்று வருடச் சிகிச்சை. என் நெருங்கிய தோழி எனக்கு வலிக்கும் என்று நினைத்து மற்ற எல்லோரிடமும் சொல்லி, என்னிடம் மட்டும் மறைத்தாள். ஒருநாள் அவள் வீட்டு மேஜையில் ஃபோலிக் அமில அட்டையைப் பார்த்தேன். நானும் அதேதான் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன், பார்த்ததும் தெரியாதா? அவள் கை மெதுவாக வந்து ஒரு பத்திரிகையை எடுத்து அதன் மேல் வைத்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். போன் போட்டிருந்தால் நானும் குழாயைத் திறந்துவிட்டிருப்பேன்தான். ஆனால் லைனில் இருந்திருப்பேன்.