ருப்லியோவின் காலிப் பக்கம்: ஓவியரின் முடிவா, இறையியலின் முடிவா?

கரித்துண்டு:
ஆறு வருடமாக வரைகிறேன். பக்தி பெரிதாகக் கிடையாது. போன மாதம் கை பழகட்டும் என்று பழைய ரஷ்ய ஓவியர் ருப்லியோவின் ‘திரித்துவம்’ ஓவியத்தைப் பார்த்து வரைய உட்கார்ந்தேன். தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கும் ஒரே கடவுள் என்பதுதான் திரித்துவம். மூன்று வானதூதர்கள், ஒரு மேசை, நடுவில் கிண்ணம். மேசையின் நம் பக்கத்தில் யாரும் இல்லை. கிண்ணத்தின் விளிம்புக்கே மூன்று நாள் போனது. அதற்குள் இந்தக் காலிப் பக்கம் மனதைக் குடைய ஆரம்பித்துவிட்டது. இப்படி விடச் சொன்னது யார்? சமயம் சொல்லும், ஓவியர் படம் போடுவார், அவ்வளவுதானா?

பழஞ்சுவடி:
பைபிளில் ஆபிரகாம், அவர் மனைவி சாராள் வீட்டுக்கு மூன்று விருந்தினர் வந்த கதை அது. இந்தக் காட்சியை வரைந்த பலர் ஆபிரகாமையும் சாராளையும் பரிமாற நிறுத்தியிருப்பார்கள். ருப்லியோவ் இருவரையும் எடுத்துவிட்டார். விருந்துக் கதை போய், மூவர் மட்டும் மிஞ்சினார்கள். இதைச் சொல்ல இறையியலாளருக்குப் பல பக்கம் வேண்டும்.

கடவுளை வரையலாமா கூடாதா என்பதற்கே பைசாந்தியத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசில், நூறாண்டுக்கு மேல் சண்டை நடந்திருக்கிறது. பேரரசர்களே படங்களை உடைக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்துத் துறவி தமஸ்கு யோவானின் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும்: உருவமில்லாத கடவுளை வரைய முடியாதுதான், ஆனால் அவர் மனிதராக வந்தார் என்றால் அந்த முகத்தை வரையலாம். 787இல் இரண்டாம் நிசேயா சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம் படங்களை ஏற்றது. அப்புறமும் உடைத்தார்கள், 843இல்தான் ஓய்ந்தது.

மறுப்பவன்:
ரொம்ப அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் அதிகாரம் யார் கையில் இருந்தது? வெனிஸ் ஓவியர் வெரோனேசே, இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவை வரைந்தார். நாய், கோமாளி, மூக்கில் ரத்தம் வழியும் வேலையாள் எல்லாம் அதில் இருந்தார்கள். 1573இல் திருச்சபையின் சமய விசாரணை மன்றம் அவரைக் கூப்பிட்டு, இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டது. கவிஞர்களும் பித்தர்களும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஓவியர்களும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். மூன்று மாதத்தில் சொந்தச் செலவில் திருத்தச் சொன்னார்கள். மனிதர் தலைப்பை மட்டும், பைபிளில் வரும் வேறொரு விருந்தின் பெயரில், ‘லேவி வீட்டு விருந்து’ என்று மாற்றிவிட்டார்!

கரித்துண்டு:
நாய் பிழைத்ததில் மகிழ்ச்சி.

இருவரும் சொன்னதைப் படித்துவிட்டு ஒரு சோதனை செய்தேன். காலிப் பக்கத்தில் ஒரு நாற்காலி வரைந்தேன். உடனே படம் கெட்டுவிட்டது. வேறு யாருக்கோ இடம் போட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது, நான் வெளியே நிற்கிறேன். நாற்காலியை அழித்தேன், தாள் லேசாகக் கிழிந்தது. ருப்லியோவுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ, வரைந்து பார்க்காமல் இது தெரிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.