ஆறு வார முகாம் வேலைக்கு யாரை எடுப்பது: கடற்கரை ஆட்களையா, சான்றிதழ் ஆட்களையா?

#1 மணக்குடிப்பொழி

குமரி மாவட்டத்தில் கோடை முகாம் என்றால் ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி மே கடைசி வரை. அந்த ஆறு வாரத்துக்கு பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பயிற்றுநர்களைக் கூட்டி வருகிறார்கள். உள்ளூர் ஆட்களுக்குப் பாத்திரம் கழுவுகிற வேலையும் காவல் வேலையும்தான். இது தலைகீழாக மாற வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுங்கள் என்று கேட்கவில்லை, பிள்ளைகளின் உயிருக்காகச் சொல்கிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில் நம் கரையில் பெரிய ஆபத்து கள்ளக்கடல். இங்கே காற்று இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை சில நாள் கழித்து நம் கரையில் வந்து ஏறும். சாதாரண அலை ஆறேழு வினாடிக்கு ஒன்று வரும், இது பதினைந்து வினாடியையும் தாண்டும். அந்த இடைவெளியில் கடல் அடங்கிவிட்டது போலத் தெரியும். பிள்ளைகள் நாலு அடி கீழே இறங்குவார்கள், அடுத்த அலை மணல் மேட்டைத் தாண்டி ஏறி அப்படியே வாரிக்கொண்டு போகும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது இப்படிப்பட்ட அலைதான். கடல் எச்சரிக்கை தருகிற மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது.

இதைக் கரையில் நின்று பார்த்தே சொல்லக்கூடியவன் மீனவன். கிழக்குக் கரை விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கிழக்குக் கரையில் உள்ள சின்னமுட்டம் துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடக்கிற அதே நாட்களில்தான் முகாம் நடக்கிறது. ஆளும் இருக்கிறார்கள், அறிவும் இருக்கிறது. பிறகு எதற்கு வெளியூர் ஆள்?

#2 கயிறும் கொக்கியும்

அண்ணே, கள்ளக்கடல் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கடல் தெரிந்தவர் வேறு, நாற்பது பிள்ளைகளைக் கடலோரத்தில் காக்கத் தெரிந்தவர் வேறு.

மீட்பில் ஒரு வரிசை உண்டு. முதலில் கழி நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் மிதக்கும் கயிறு எறிய வேண்டும், பையில் மடித்து வைத்த 20 மீட்டர் கயிறு. அதுவும் முடியாவிட்டால் மிதவையோடு நீந்த வேண்டும். வெறுங்கையோடு பாய்வது கடைசி வழி. நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான் முதல் ஆளாகப் பாய்கிறார். பயந்த பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டால் இரண்டு உயிர் போகும். மூழ்குகிற பிள்ளை கத்தவும் செய்யாது, கையை ஆட்டவும் செய்யாது. ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்து, ஜோடிகள் கைகோத்து நிற்க எண்ணிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். காவல் நிற்பவரை அரை மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், வெயிலில் அதற்கு மேல் கண் நிலைக்காது. கடலில் எத்தனை வருடம் தொழில் செய்தாலும் இவை தானாக வராது. பயிற்சியில்தான் வரும், அதற்குச் சான்றிதழ் உள்ள ஆள்தான் வேண்டும்.

கயிறு விஷயம் இன்னும் மோசம். உள்ளூர் ஆளை விட்டுக் கயிற்றுப் பாலமும் பாறை இறக்கமும் கட்டச் சொன்னால் துறைமுகத்துக் கயிறு வருகிறது. அது பாலிப்ரொப்பிலீன். படகு கட்ட அருமையான கயிறு, தண்ணீரில் மிதக்கும். மனித எடையை அதில் தொங்கவிடக் கூடாது. வெயிலில் நார் நாராக உதிரும், சுமார் 165 டிகிரியிலேயே உருகும், உரசுகிற இடத்தில் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும். வழவழப்பாக இருப்பதால் முடிச்சும் நழுவும். பாறை இறக்கத்துக்கு உள்ளே கருவும் வெளியே உறையும் உள்ள 10.5 அல்லது 11 மில்லிமீட்டர் நிலைக்கயிறுதான் (அதிகம் நீளாத கயிறு) வேண்டும். ஒன்றையொன்று சாராத இரண்டு நங்கூரப் பிடி, கருங்கல் விளிம்பில் கயிற்றுக்கு உறை, 8 வடிவ முடிச்சுக்கு வால் ஒரு சாணாவது, திருகிப் பூட்டுகிற காரபினர் கொக்கி, பிள்ளைக்குத் தனிப் பாதுகாப்புக் கயிறு. இதில் ஒன்று குறைந்தாலும் அந்த நிகழ்ச்சியே வேண்டாம்.

#3 களியல் பால்வெட்டு

கயிறு பற்றிப் பேசுகிறவர்கள் அதை எங்கே வைக்கிறார்கள் என்றும் பேசுங்கள். மலையோர முகாம்களில் பலவும் ரப்பர் தோட்டத்துக்குள்தான். சாமான்களைப் போட இடம் கேட்டால் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையைக் காட்டுவார்கள். ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட் கேன் அங்கேதான் இருக்கும். அது ஃபார்மிக் ஆசிட், நைலானைக் கரைக்கும். கயிறும், உடம்பில் கட்டுகிற ஹார்னஸ் பட்டையும் நைலான். ஆசிட் பட்ட இடம் கண்ணுக்கு ஒரு கறை போலத்தான் தெரியும், ஏன், தெரியாமலே கூட இருக்கலாம். கறை கண்ட கயிற்றைக் கழுவிப் பார்க்கலாம் என்று யோசிக்காதீர்கள், அறுத்துப் போடுங்கள். இதைத் தோட்டத்து ஆள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். வெளியூர்ப் பயிற்றுநருக்கு அந்த கேனில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

ஆள் கிடைப்பது பற்றியும் ஒன்று. பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஓய்வு இலையுதிர்கிற காலத்தில், ஜனவரி கடைசி தொடங்கி மார்ச் வரை. தளிர்த்து, கோடை மழை நாலு பெய்ததும் வெட்டு தொடங்கிவிடும். ஆகவே மே மாதம் தோட்டத்து ஆட்கள் சும்மா இருப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். வெட்டு முடிந்து பத்து, பதினொன்று மணிக்கு மேல் வரக்கூடிய வேலை இருந்தால் வருவார்கள். கடற்கரையிலும் இதே சிக்கல் உண்டு: முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கரைக் கணக்கு, தடை ஜூன் 1-ல்தான் தொடங்குகிறது. அதற்குள் முகாமே முடிந்துவிடும்.

#4 மணக்குடிப்பொழி

அதனால்தான் சின்னமுட்டம் என்று ஊரைக் குறிப்பிட்டே சொன்னேன். தடை விசைப்படகுக்கு மட்டும்தான், வள்ளத்துக்காரர்கள் வருடம் முழுக்கக் கடலில்தான்.

> மீட்பில் ஒரு வரிசை உண்டு

கற்றுக்கொடுங்கள் தம்பி. கழி, கயிறு, மிதவை என்று நீங்கள் சொன்ன வரிசையைக் கடற்கரைப் பையனுக்கு இரண்டு நாளில் பழக்கிவிடலாம். பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், திறந்திருக்கும்போது நீர் வற்றி இறங்குகிற நேரத்தில் மணக்குடியில் இழுப்பு எந்தப் பக்கம் போகும் என்பதை வெளியூர் ஆளுக்கு இரண்டு நாளில் கற்றுத்தர முடியுமா? கயாக்கில் பிள்ளைகளை ஏற்றிக் காயலில் விடுகிறவர்கள் காற்று, நீர், நேரம் மூன்றையும் பார்க்க வேண்டும். மத்தியானக் கடற்காற்று ஏறிவிட்டால் பத்து வயதுப் பிள்ளையால் எதிர்த்துத் துடுப்புப் போட முடியாது. காலை ஏழிலிருந்து பத்துக்குள் முடித்துவிட வேண்டிய விளையாட்டு அது.

சான்றிதழ் என்கிறீர்கள். எதில் சான்றிதழ்? உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவர்கள் நல்ல ஆட்கள், மறுக்கவில்லை. அங்கே கற்றது பாறையும் பனியும். அந்தக் காகிதத்தைக் காட்டிச் சொத்தவிளைக் கடற்கரையில் அலைக்காவல் நிற்பதை எப்படி ஏற்பது?

#5 பிள்ளைகாவல்

மூன்று பேரும் பகல் வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். முகாமில் ஆள் எடுக்கும்போது பெரிய கேள்வி இரவு.

முதலில் எண்ணிக்கை. தங்கிப் பயிலும் முகாமில் 9 முதல் 14 வயதுக்கு எட்டுப் பிள்ளைக்கு ஒருவர், 6 முதல் 8 வயதுக்கு ஆறு பிள்ளைக்கு ஒருவர். இது அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவு. நம் வெயிலுக்கும் கடலுக்கும் இதைவிடக் குறைக்க எந்த நியாயமும் இல்லை. நாற்பது பிள்ளைகள் என்றால் ஐந்து பேர். ஐந்து பேரை மட்டும் எடுத்து வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் நாளுக்குச் சராசரி 4.3 பேர்தான் நிற்பார்கள். ஆறு பேர் எடுத்தால் 5.1. ஒரு பிள்ளையை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு ஒருவர் கூட்டிப்போனால் அன்றைக்குக் கணக்கு மறுபடி உடையும். ஆகவே ஏழு. கடல், கயிறு, சமையல் ஆட்கள் இதில் சேரமாட்டார்கள். பல முகாம்கள் சமையல்காரரையும் ஓட்டுநரையும் சேர்த்து எண்ணித்தான் பெற்றோரிடம் விகிதம் சொல்கின்றன.

இரண்டாவது, சரிபார்ப்பு. "நம்ம ஊர்ப் பையன், தெரிஞ்ச வீடு" என்பது சரிபார்ப்பு ஆகாது. "பெரிய நிறுவனத்தில் இருந்தவர்" என்பதும் ஆகாது. காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று, முன்பு வேலை செய்த இரண்டு இடங்களுக்குத் தொலைபேசி, கையெழுத்திட்ட நடத்தை விதி மூன்றும் எல்லாருக்கும் வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் தூங்கும் கூடத்துக்குப் பெண் பணியாளர் இருவர். புகார் வந்தால் "முகாம் முடியட்டும், பேசிக்கொள்ளலாம்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு தகவல் தெரிந்த ஒவ்வொருவரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது, மறைத்தால் 21-ம் பிரிவில் தண்டனை. பிள்ளைகள் உதவிக்கான 1098 எண் ஒவ்வொரு கூடத்திலும் பிள்ளைகள் கண்ணில் படுகிற உயரத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கூலி. நாளுக்கு 700 ரூபாய், சாப்பாடு, தங்குமிடம் என்று ஒரு பேச்சு என்று வையுங்கள். காலை ஐந்தரைக்கு எழுப்புவதில் தொடங்கி இரவு பத்துக்கு விளக்கணைப்பது வரை பதினாறரை மணி நேரம். மணிக்கு 42 ரூபாய். இதற்கு யார் வந்தாலும் மூன்றாம் வாரம் கண் சொருகிப்போய் நிற்பார். விபத்து நடக்கிற வாரமும் அதுதான்.

#6 கயிறும் கொக்கியும்

அக்கா சொன்ன கூலிக் கணக்கோடு முழுக்க உடன்படுகிறேன். பயிற்சி நாட்களுக்குக் கூலி இல்லை என்கிற வழக்கமும் ஒழிய வேண்டும்.

அண்ணே, பனியில் வாங்கிய சான்றிதழ் கடலுக்கு ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். கடலுக்கென்றே கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சி தருகிறது. சின்னமுட்டத்து இளைஞர்கள் நாலு பேரை முகாம் நடத்துகிறவர் தன் செலவில் அங்கே அனுப்பட்டும், அடுத்த வருடம் என் எதிர்ப்பு இருக்காது. "இரண்டு நாளில் பழக்கிவிடலாம்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. செய்முறையை இரண்டு நாளில் காட்டலாம். பதற்றத்திலும் கை தானாக அதைச் செய்யும் அளவுக்கு வர, தினமும் காலையில் பிள்ளைகள் இறங்குமுன் ஒத்திகை வேண்டும்.

#7 களியல் பால்வெட்டு

மலைப் பக்கம் இந்தத் தகராறு பாதி தீர்ந்துவிட்டது. மலையேறப் போனவர்கள் பலர் இறந்த 2018 குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் வனத்தையொட்டி வாழும் பழங்குடி இளைஞர்களுக்குத்தான் பயிற்சி கொடுத்து வழிகாட்டி ஆக்கினார்கள். காடு தெரிந்தவருக்கு முதலுதவியும் பேச்சுப் பழக்கமும் கற்றுக்கொடுத்தார்கள். கடற்கரையில் மட்டும் ஏன் முடியாது?

மலையில் மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் உடனே கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே விடக் கூடாது. ரப்பர் மரத்தடியில் ஒதுங்குவதும் தகரக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுவதும் கீறுவதும் இல்லை. கடிபட்ட காலை அசையாமல் வைத்து 108. நம் மலையில் இருக்கும் கூம்பு மூக்கு விரியனுக்கு வழக்கமான விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. அதனால் ராத்திரி டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குப் போகக் கூடாது என்கிற விதியைத்தான் முதலில் பழக்க வேண்டும்.

#8 அடுப்படி

சமையல் ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரை, அயிலை இரண்டையும் ஐஸ் இல்லாமல் வைத்தால் ஹிஸ்டமின் என்கிற நச்சுப் பொருள் ஏறும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளைகளின் முகம் சிவந்து, தலைவலி, வாந்தி. நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் வரும். மீன் கரைக்கு வந்ததிலிருந்து சட்டியில் விழும்வரை ஐஸில் இருந்ததா என்று கேட்டு வாங்குகிற ஆளை எடுங்கள்.

#9 மணக்குடிப்பொழி

பேச்சு எங்கெங்கோ போனாலும் எனக்கு முக்கியமான இடம் இது: "இன்றைக்குக் கடல் வேண்டாம்" என்று சொல்கிற அதிகாரம் யாரிடம்? இன்காய்ஸ் எச்சரிக்கை இருந்தால் கேள்வியே இல்லை, யாரும் இறங்கக் கூடாது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் கரை ஆள் வேண்டாம் என்றால் அதற்கு மேல் முகாம் பொறுப்பாளர் பேசக் கூடாது. பெற்றோர் பணம் கட்டிவிட்டார்கள், நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்றெல்லாம் சொல்லி மாற்றக் கூடாது.

இன்னொன்று. கரை ஆளுக்குக் கடலில் இறங்குகிற நாளுக்கு மட்டும் கூலி என்று பேசினால், வேண்டாம் என்று சொல்கிற நாளெல்லாம் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. அப்போது எந்த வாயால் வேண்டாம் என்பான்? ஆறு வாரத்துக்கும் மொத்தச் சம்பளம், கடல் மூடிய நாளிலும் அதே சம்பளம். இதை வேலை உத்தரவில் எழுதியே கொடுக்க வேண்டும்.

#10 கயிறும் கொக்கியும்

கடலை மூடுகிற அதிகாரம் கரை ஆளிடம், சம்பளம் குறையாது, இரண்டுக்கும் சம்மதம். திறக்கிற அதிகாரம் மட்டும் அவரிடம் தனியாக வேண்டாம். மீட்புப் பயிற்சி பெற்ற ஒருவரும் சேர்ந்து சரி சொன்னால்தான் பிள்ளைகள் இறங்க வேண்டும். அவரும் உள்ளூர் ஆளாகவே இருக்கட்டும், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். எடுக்குமுன் தேர்வு வேண்டும்: கடலில் நிற்காமல் 200 மீட்டர் நீச்சல், மிதவையோடு ஒரு பெரியவரை 50 மீட்டர் இழுத்து வருதல், 20 மீட்டர் கயிற்றை மூன்று வீச்சில் இரண்டு முறையாவது ஆள் கைக்கு எட்டுமாறு எறிதல், மூழ்கியவருக்கு முதலில் மூச்சு கொடுத்துப் பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று இரண்டு நிமிடம் தளராமல் செய்து காட்டல். இதில் தோற்றால் ஊர் எதுவானாலும் எடுக்கக் கூடாது.

#11 பிள்ளைகாவல்

தேர்வோடு சரிபார்ப்புச் சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மார்ச்சிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முகாம் தொடங்கிய பிறகு கைக்கு வருகிற சான்றால் பயனில்லை.

#12 மணக்குடிப்பொழி

தேர்வுக்குச் சம்மதம் தம்பி. வெளியூரிலிருந்து வருகிறவருக்கும் அதே தேர்வு, அதே கடலில், நீச்சல் குளத்தில் அல்ல. ஏப்ரல் 15 படகு கட்டுகிறார்கள், முகாம் 20-ல் தொடங்குகிறது. நடுவே ஐந்து நாள் கிடைக்கிறது. அந்த ஐந்து நாளுக்கும் முழுக் கூலி கொடுத்துச் சொத்தவிளையில் வைத்தே ஒத்திகை நடத்தட்டும். சின்னமுட்டத்து ஆளுக்கும் அந்தக் கரை புதிதுதான், அவனும் பார்த்துப் பழக அந்த நாட்கள் வேண்டும்.