மதியம் 2 மணி வகுப்பு: கேட்டரிங் மாணவர்களுக்கு என்ன செய்முறைகள் தரலாம்?

கேள்வி (விரிவுரையாளர், தஞ்சாவூர் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கல்வியாண்டில்தான் ஒரு கேட்டரிங் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பட்டயப் படிப்பின் முதலாண்டில் 24 மாணவர்கள் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு, உணவுச் செலவுக் கணக்கு, பரிமாறும் முறை ஆகிய மூன்று பாடங்களும் என் பொறுப்பில் உள்ளன. பயிற்சிச் சமையற்கூடம் வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகள் மட்டுமே எங்களுக்குக் கிடைக்கும். மற்ற வகுப்புகள் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணி முதல் 4 மணி வரை, கரும்பலகையும் நான்கு மின்விசிறிகளும் உள்ள சாதாரண அறையில் நடக்கின்றன.

என் கவலையைச் சொல்லிவிடுகிறேன். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது கிருமிகள் வேகமாகப் பெருகும் அபாய வெப்பநிலை என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்த விடையைப் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவர், மறுநாள் காலை கொதிக்கக் கொதிக்க இறக்கிய சாம்பார் அண்டாவை இறுக மூடி, சுவரோரமாக நகர்த்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். தவறு செய்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. மூடி வைப்பதுதான் சுத்தம் என்று வீட்டில் கற்றவர் அவர். படித்த வரியும் கைவேலையும் இரு வேறு அறைகளில் இருப்பதைப் போல எனக்குத் தோன்றியது.

பெரிய கருவிகள் இல்லாமல் அந்த மதிய வகுப்பிலேயே செய்யக்கூடிய செய்முறைகள் உங்கள் அனுபவத்தில் எவை? மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள், ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலே பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். அதையும் மனத்தில் வைத்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (உணவுத் தயாரிப்பு ஆசிரியர், கோயம்புத்தூர்)

அம்மா, அந்த அண்டாவையே பாடமாக்கிக்கொள்ளுங்கள். பத்தொன்பது ஆண்டுகளாக நான் முதல் பருவத்தில் தவறாமல் செய்துவரும் செய்முறை அதுதான்.

காலையில் சமையற்கூடம் கிடைக்கும் நாளில் பத்து லிட்டர் அளவுக்கு எடுத்து வையுங்கள். சாம்பாரை வீணாக்க மனம் வராவிட்டால், சோறு வடித்த கஞ்சியில் கொஞ்சம் வெந்த பருப்பைக் கரைத்தால் போதும், கெட்டித்தன்மை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வகுப்புக்குச் சற்று முன்பு மீண்டும் கொதிக்க வைத்து, எட்டு லிட்டரை ஆழமான அண்டாவிலும் இரண்டு லிட்டரை இரண்டு அங்குல ஆழமுள்ள தட்டையான தட்டிலும் ஊற்றி, தட்டை ஐஸ் தண்ணீர் நிரம்பிய பெரிய பேசினுக்குள் இறக்கி வையுங்கள். இதை அன்று யாருக்கும் பரிமாறக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெப்பமானியை வெளியே எடுப்பதற்கு முன்பு, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு பாத்திரங்களிலும் எத்தனை டிகிரி இருக்கும் என்பதை ஒவ்வொரு மாணவரும் ஒரு தாளில் எழுதிப் பெயரிட்டுக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முன்னமே எழுதாத மாணவர், அளவு வந்த பிறகு, ‘இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்’ என்று உண்மையாகவே நம்பிவிடுவார். எழுதிக் கொடுத்தவரோ தம் எண்ணுக்கும் வெப்பமானியின் எண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நிற்பார், அந்த நிற்றலில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது.

பிறகு கால் மணிக்கு ஒருமுறை இரண்டு பேர் வந்து, நன்றாகக் கிளறி, நடுப்பகுதியில் அளந்து, கரும்பலகையில் வரைபடமாகப் புள்ளி வைக்கட்டும். என் வகுப்பில் பெரும்பாலோர் இரண்டு மணி நேரத்தில் அண்டா 35 டிகிரிக்கு வந்துவிடும் என்றே எழுதுவார்கள். அப்போதும் அது 50-ஐ விட்டு இறங்கியிருக்காது. மேலே ஆடை படிந்து, விளிம்பைத் தொட்டால் ஆறியதைப் போலத் தோன்றும், ஆனால் கரண்டியை உள்ளே விட்டுக் கிளறினால் ஆவி எழும். அந்த ஆவியைப் பார்க்கும்போது வகுப்பில் யாரும் தூங்குவதில்லை. ஐஸ் தண்ணீரில் இருந்த தட்டு, கிளறிக்கொடுத்தபடி இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்கு அருகில் வந்துவிடும்.

சமைத்த உணவு 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்ற விதியை வரைபடம் முடிந்த பிறகே சொல்லுங்கள். நம் ஊரில் அறை வெப்பமே 30 டிகிரியைத் தாண்டி நிற்கிறது, ஆகவே மேசைமேல் வைத்தால் விடிய விடிய வைத்தாலும் 21-க்கு வரவே வராது என்பதை அவர்களில் ஒருவரே கண்டுபிடித்துச் சொல்வார். சோற்றில் தங்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை, ஆறும் நேரத்தில் முளைத்துப் பெருகி அவை உண்டாக்கும் வாந்தி நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. ‘எடுத்துச் சுட வைத்தால் சரியாகிவிடும்’ என்ற வீட்டு நம்பிக்கையை இந்த இடத்தில்தான் தொட முடியும்.

வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் 0 டிகிரிக்குச் சோதிப்பதையும் மாணவர்களிடமே விடுங்கள். கொதிநீரில் சோதிப்பதானால் ஊரின் உயரத்தையும் பார்க்க வேண்டும். உதகை மாணவர் ஒருவர் விடுமுறையில் வீட்டில் சோதித்துவிட்டுக் கருவி கெட்டுவிட்டதாக வருந்தினார். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை அன்று வகுப்பு முழுவதும் சேர்ந்து கற்றுக்கொண்டது.

பதில் 2 (நுண்ணுயிரியல் ஆசிரியை, மதுரை)

மேலே சொன்ன செய்முறையை வழிமொழிகிறேன். கிருமிகளைக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில், கைவிரலை அகர் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) பதித்து வளர்க்கும் செய்முறையைச் சாதாரண வகுப்பறையில் நடத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்ன வளர்ந்திருக்கிறது என்பது நமக்கே தெரியாது, அதை முறையாக அழிக்கும் வசதியும் அங்கே இருக்காது.

கை கழுவுதலுக்கு மஞ்சள்தூள் போதும். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைச் சில சொட்டு நல்லெண்ணெயில் குழைத்து இரு கைகளிலும் தேய்க்கச் சொல்லி, கண்ணைக் கட்டிவிட்டு, அவர்கள் வழக்கமாகக் கழுவுவதைப் போலக் கழுவச் செய்யுங்கள். கண்ணைக் கட்டாவிட்டால் மஞ்சள் போகும்வரை தேய்ப்பார்கள், கிருமியோ கண்ணுக்குத் தெரியாதது. கட்டை அவிழ்த்ததும் கட்டைவிரலின் பின்புறம், நகக்கண், விரலிடுக்கு ஆகிய இடங்களில் மஞ்சள் மிச்சமிருக்கும். சோப்பின் காரம் பட்ட இடம் செந்நிறமாக மாறியிருப்பதால், எங்கே சோப்பு போயும் நீர் சரியாகப் போகவில்லை என்பதும் தெரியும். வெள்ளை கோட்டைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், கறை போகாது.

நொதித்தலுக்கு இட்லி மாவைவிடச் சிறந்த ஆய்வுப்பொருள் நமக்கு வேறில்லை. ‘கைபட்டுக் கரைத்தால்தான் மாவு பொங்கும்’ என்று எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். அதையே சோதித்துப் பாருங்கள். ஒரே மாவை நேரான சுவருள்ள நான்கு கண்ணாடிச் சாடிகளில் பாதியளவு நிரப்புங்கள். ஒன்று கையால் கரைத்தது, ஒன்று கொதிநீரில் கழுவிய கரண்டியால் கரைத்தது, ஒன்று குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தது, ஒன்று உளுந்தே சேர்க்காத வெறும் அரிசி மாவு. மாவின் மட்டத்தில் காகித நாடாவை ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். கரண்டி மாவும் பொங்கியிருக்கும், ஏனென்றால் நொதிக்கச் செய்யும் லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் போன்ற பாக்டீரியாக்கள் உளுந்தோடும் அரிசியோடும் வருபவை. வெறும் அரிசி மாவு புளிக்கும், ஆனால் எழும்பாது. உண்டாகும் வாயுவைப் பிடித்து நிறுத்தும் பசைத்தன்மை உளுந்தினுடையது. அமிலத்தாள் கிடைத்தால் அதையும் தோய்த்துப் பார்க்கலாம், நன்கு பொங்கிய மாவு அமில அளவை (pH) 4.5-ஐ ஒட்டிக் காட்டும். இந்த ஒரு சாடி வரிசையை வைத்து நான் மூன்று வகுப்புகள் நடத்துவேன்.

பதில் 3 (உணவுச் செலவுக் கணக்காளர், திருச்சி)

செலவுக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கணக்கைப் பலகையில் போடாமல் காயை மேசையில் போடுங்கள். இரண்டு கிலோ சின்ன வெங்காயம், கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உரித்து நிறுத்தால் 1 கிலோ 640 கிராம் வருகிறது, அதாவது கழிவு 18 விழுக்காடு. உரித்த வெங்காயம் கிலோ என்ன விலை என்று கேளுங்கள். வகுப்பில் பாதிப் பேர் 60-உடன் 18 விழுக்காட்டைக் கூட்டி 70 ரூபாய் 80 காசு என்பார்கள். சரியான விடை 120-ஐ 1.64-ஆல் வகுத்தால் வரும் 73 ரூபாய் 17 காசு. வித்தியாசம் சிறிதாகத் தெரிவதால் யாரும் பதற மாட்டார்கள். உடனே வாழைப்பூவை எடுங்கள். 40 விழுக்காடுதான் தேறுகிறது, கிலோ 30 ரூபாய் என்றால், கழிவு 60 விழுக்காட்டைக் கூட்டிப் போட்டவர் 48 ரூபாய் என்பார், உண்மையில் அது 75 ரூபாய். வாழைப்பூ வடைக்கு 48 ரூபாய்க் கணக்கில் விலை வைத்த கடை என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பணியில் சேர்ந்தவர்களிடமே இந்தப் பிழையை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

பதில் 4 (தலைமைச் சமையற்கலைஞர், சென்னை)

அம்மா, எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வெட்டத் தெரிகிறது, வதக்கத் தெரிகிறது. விருந்தினர் சொன்னதைச் சமையலறைக்குச் சிந்தாமல் கொண்டுவரத்தான் தெரிவதில்லை. அதற்கு வகுப்பறையே சரியான இடம்.

நான் பயிற்சி தரும்போது ஐந்து பேரை வரிசையாக நிறுத்துவேன். ஒருவர் விருந்தினர், ஒருவர் ஸ்டீவர்ட் (பரிமாறுபவர்), ஒருவர் கே.ஓ.டி. (சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டு) எழுதுபவர், ஒருவர் அதை உரக்கப் படிப்பவர், ஒருவர் சமைப்பவர். விருந்தினர் மூன்று பேருக்கான ஆர்டரைச் சொல்லும்போது, நடுவில் ஒரே ஒருமுறை, ‘என் மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது’ என்பார். மற்றவர்கள் பக்கத்து மேசையின் சத்தத்தை உண்டாக்குவார்கள். கடைசியில் நிற்பவர் தமக்கு வந்து சேர்ந்ததை எழுத வேண்டும். ஒருமுறை அந்தச் செய்தி, ‘வேர்க்கடலைச் சட்னி தனியாக’ என்று வந்து சேர்ந்தது. சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு, அதை நான் உரக்கப் படித்ததும் ஓய்ந்துவிட்டது. பிறகு அதே காட்சியை, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளும் வழக்கத்தோடு மறுபடி நடத்துவோம். முதல் இரண்டு சுற்றுகள் தமிழிலேயே நடக்கட்டும். செய்ய வேண்டியது கைவந்த பிறகு ஆங்கிலச் சொற்களை அதன்மேல் ஏற்றுவது எளிது. இரண்டையும் ஒன்றாகச் சுமத்தும்போதுதான் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போகிறார்கள்.

இதோடு ஒட்டி, வீட்டிலிருந்து காலி உறைகளையும் டப்பாக்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் பசைப்புரதம் (குளூட்டன்) உள்ள கோதுமை போன்ற தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, பருப்புக் கொட்டைகள், சோயா, சல்பைட் ஆகியவற்றைத் தனியே குறிப்பிடச் சொல்கின்றன. கோதுமை ஒவ்வாத விருந்தினருக்கு ரசம் கொடுக்கலாமா என்று கேளுங்கள், எல்லாரும் கொடுக்கலாம் என்பார்கள். பிறகு கூட்டுப் பெருங்காய டப்பாவைப் படிக்கச் சொல்லுங்கள். பலவற்றில் கோதுமை மாவு என்று எழுதியிருக்கும்.

கேள்வி கேட்டவரின் பதில் (மூன்று வாரங்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. கஞ்சி அண்டா, வெங்காயம், பெருங்காய டப்பா மூன்றையும் நடத்திவிட்டேன். அண்டா இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 54 டிகிரி காட்டியது. சாம்பாரை மூடி வைத்த மாணவர் 32 என்று எழுதியிருந்தார். அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த செய்முறை வகுப்பில், நான் சொல்லாமலேயே, பொரியல் தட்டைக் கழுவி எடுத்து வந்து சாம்பாரை அதில் பகிர்ந்து ஊற்றினார். பெருங்காயத்தைப் பற்றி இரண்டு மாணவிகள் தங்கள் வீட்டில் சொல்ல, இப்போது பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள்.

ஒரு சந்தேகம் இருக்கிறது. முன்கணிப்புக்கு மதிப்பெண் தரலாமா? தந்தால், நன்றாகப் படிப்பவரைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள்.

பதில் 1 எழுதியவர்

முன்கணிப்பு எண்ணுக்கு மதிப்பெண் வேண்டாம் அம்மா. தவறாகக் கணிப்பதற்கு அஞ்சினால் இந்த முறையே வீணாகிவிடும். தம் எண் ஏன் விலகியது என்று கடைசிப் பத்து நிமிடத்தில் அவரவர் எழுதும் நான்கைந்து வரிகளுக்கு மட்டும் மதிப்பெண் கொடுங்கள், அதைத் தமிழில் எழுத விடுங்கள். ‘ஆழம் அதிகம், நடுவிலிருக்கும் சூடு வெளியே வர நேரமாகிறது’ என்று ஒருவர் தம் சொல்லில் எழுதிவிட்டால், அவருக்கு அந்தப் பகுதியில் தேர்வே வைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அடுத்த முறை அதே அண்டாவை மூடியோடு ஒன்றும் மூடியில்லாமல் ஒன்றுமாக வைத்துப் பாருங்கள். அந்த மாணவரையே அளக்கச் சொல்லுங்கள்.