கட்டபொம்மன் கட்டுரையில் ‘ஹங்’ வருமா, ‘ஹேங்டு’ வருமா?

கேள்வி (பாளையங்கோட்டை)

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் ‘வாஸ் ஹங்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதனை அடித்துவிட்டு ‘ஹேங்டு’ என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் தாத்தாவின் படம் சுவரில் ‘வாஸ் ஹேங்டு’ என்று எழுத, அதுவும் அடிபட்டது. அவளுடைய இலக்கணப் புத்தகத்தின் வினை அட்டவணையிலோ ‘ஹேங், ஹங், ஹங்’ என்ற ஒற்றை வரிதான் உள்ளது. தமிழ் வழியில் படித்த நான் எதைச் சொல்லிக் கொடுப்பது?

பதில் (தென்காசி)

மனிதர் என்றால் ‘ஹேங்டு’, பொருள் என்றால் ‘ஹங்’. அவ்வளவுதான், அம்மா.

கேட்டவர்

நன்றி, அண்ணாச்சி. ஆனால், ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே வந்த பையனும் மனிதன்தானே, அவனுக்கும் ‘ஹேங்டு’ போடலாமா என்று மகள் கேட்கிறாள்.

பதில் (அம்பாசமுத்திரம், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்)

போடக் கூடாது, போட்டால் பையனைக் கொன்றதாகிவிடும். மனிதரா பொருளா என்பதன்று கேள்வி, கழுத்தில் கயிறிட்டு உயிர் போக்கியதா என்பதே கேள்வி. தமிழில் ‘தூக்கிலிட்டார்’, ‘தூக்கிட்டுக்கொண்டார்’ என்று சொல்லும் இடத்தில் மட்டும் ‘ஹேங்டு’ வரும். படம், வௌவால், படிக்கட்டுப் பையன் எல்லாவற்றுக்கும் ‘ஹங்’ போதும். கயிறு புளியமரத்தில் ‘ஹங்’, கட்டபொம்மன் ‘வாஸ் ஹேங்டு’ என்று ஒரே வாக்கியமாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த இரட்டை வடிவத்துக்குக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில், ஒன்றைத் தொங்கவிடுவதற்கு ‘ஹோன்’ என்றும், தானே தொங்குவதற்கு ‘ஹங்கியன்’ என்றும் இரண்டு வினைகள் இருந்தன. நம் பழந்தமிழில் தொங்குவது ‘தூங்குதல்’, தொங்கவிடுவது ‘தூக்குதல்’ என்று இருந்ததைப் போன்றதே அது. (தூக்குக் கயிறும் தூக்கணாங்குருவியும் அந்தப் பொருளை இன்னும் விடவில்லை, தூங்குதல் மட்டும் உறக்கமாகிவிட்டது.) ஆங்கிலத்தில் அந்த இரண்டும், வட ஐரோப்பியர் கொண்டுவந்த இன்னொரு வினையும் கலந்து ஒன்றாயின. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘ஹங்’ பரவி மற்ற இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டபோதும், பழைய சொல்லை எளிதில் மாற்றாத நீதிமன்ற மொழியில் ‘ஹேங்டு’ நிலைத்துவிட்டது. நம் நாட்டில் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 354ஆம் பிரிவில், மரண தண்டனைக்கு ‘ஹேங்டு பை தி நெக்’ என்றே எழுதியது.

பதில் (நாசரேத்து)

ஐயா சொல்வதற்கு எங்கள் வீட்டு ஆங்கில வேதாகமமே சாட்சி. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் யூதாஸ் நான்றுகொண்டதற்கு (தூக்கிட்டுக்கொண்டதற்கு) ‘ஹேங்டு’ வருகிறது. ஆனால் 137ஆம் சங்கீதத்தில் கின்னரங்களை (யாழ் போன்ற இசைக்கருவிகளை) மரத்தில் மாட்டியதற்கும் அதே ‘ஹேங்டு’தான் வருகிறது. அந்தக் காலத்தில் படத்துக்கும் அப்படி எழுதியிருந்தால் ஆசிரியை அடித்திருக்க மாட்டார்.

கேட்டவர்

தமிழ்ச் சொல்லை வைத்துச் சோதிக்கும் வழி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, ஐயா. கைப்பேசி ‘ஹேங் ஆகிவிட்டது’ என்கிறோமே, அதற்கு இறந்தகாலம் எது என்பதுதான் இப்போது அவளுடைய சந்தேகம்.

பதில் (அம்பாசமுத்திரம்)

அதுவும் ‘ஹங்’தான். ஆசிரியை இரண்டு முறையும் சரியாகவே திருத்தியிருக்கிறார். அட்டவணையில் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘தூக்குத் தண்டனைக்கு ஹேங்டு’ என்று பென்சிலால் எழுதி வைக்கச் சொல்லுங்கள், அம்மா.