₹40,000-க்குள் கேமிங் டெஸ்க்டாப்: பழைய ஆபீஸ் டவரா, புது 5600ஜி-யா?

மாலை_ஆட்டம்:
மானிட்டர் (1080பி, 60 ஹெர்ட்ஸ்), கீபோர்டு, மவுஸ் இருக்கு. சிபியு பெட்டி மட்டும் வேணும், ₹40,000-க்குள்ள. விளையாடப்போறது வேலரண்ட், ஜிடிஏ 5, மைன்கிராஃப்ட், ராக்கெட் லீக். சென்னை ரிச்சி தெருவுல ரெண்டு ஆப்ஷன் சொல்றாங்க.
ஒண்ணு: ரீஃபர்பிஷ்டு டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060 டவர், ஐ5-8500, 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கிராஃபிக்ஸ் கார்டு தனியா வாங்கணும்.
ரெண்டு: புதுசா அசெம்பிள் பண்ணது. ரைசன் 5 5600ஜி, ஏ520 போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கேபினெட்டோட வர்ற எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கார்டு தேவையில்லைங்கிறாங்க.
எதை எடுக்கலாம்?

செம்புக்கம்பி:
முதல் ஆப்ஷன்தான், சந்தேகமே வேண்டாம். 8500-ல ஆறு கோர். நீங்க சொன்ன நாலு கேமுக்கும் தாராளம். மிச்சக் காசுல ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டு, 6 ஜிபி மாடல் போடுங்க. 70 வாட்தான், போர்டுல கார்டு செருகற ஸ்லாட்டே 75 வாட் கொடுக்கும், அதனால பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம். டெல்லோட 260 வாட் எஸ்எம்பிஎஸ் இதுக்குப் போதும்: சிபியு 65, கார்டு 70, போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 40. 175 வாட்ல நிக்கும்.

ஒரே பேர்ல ரெண்டு 3050 இருக்கு, கவனம். 8 ஜிபி மாடல் 130 வாட், அதுக்கு பவர் கனெக்டர் வேணும், இந்த டெல்லுல அந்த கேபிளே கிடையாது.

வேகா_ஏழு:
செம்புக்கம்பி சொல்வது 2018-ல் வந்த சிபியு. சாக்கெட் செத்துவிட்டது (அதில் பொருந்தும் புது சிபியு வராது), எஸ்எம்பிஎஸ் டெல்லின் சொந்த வடிவம், வழக்கமான 24 பின் கிடையாது. நாளைக்கு போர்டு போனால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். 5600ஜி-யில் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், சிபியுவுக்குக் கம்பெனி வாரண்டி 3 வருடம். இன்று அதற்குள்ளேயே இருக்கும் வேகா 7 கிராஃபிக்ஸிலேயே விளையாடலாம், காசு சேர்ந்ததும் கார்டு போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கடைக்காரர் சொன்ன கூட்டு சரியில்லை. 8 ஜிபி ஒரே ஸ்டிக் என்றால் 5600ஜி வாங்குவதே வீண். இந்த கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமில்தான் பங்கு கேட்கும். டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக்கில் வினாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு ஸ்டிக்கில் 51.2. ஒரே ஸ்டிக்கில் ஃப்ரேம் (வினாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பல கேம்களில் பயங்கரமாக விழும். 8+8 கேளுங்கள். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் 3200 ராம் 2133-லோ 2400-லோதான் ஓடும். கிராஃபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கிவிடுங்கள். இவ்வளவும் செய்தால் வேலரண்ட் லோவில் 100-க்கு மேல், ஜிடிஏ 5 நார்மலில் 60-ஐ ஒட்டி வரும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு இதற்கு மேல் எதற்கு?

செம்புக்கம்பி:
51.2-ன்னு பெருமையா எழுதியிருக்கீங்க. பழைய ஜிடிஎக்ஸ் 1650-க்கே 128 ஜிபி/வினாடி, 3050 6 ஜிபிக்கு 168. அதுவும் கார்டுக்கு மட்டும், சிபியுவோட பங்கு போட வேண்டியதில்லை. இந்த இடைவெளியை எந்த பயாஸ் செட்டிங்கும் நிரப்பாது.

இன்னொண்ணு, 2023 கடைசியிலயே வேகா, போலாரிஸ்ங்கற பழைய கிராஃபிக்ஸ் தலைமுறை ரெண்டுக்குமான டிரைவரை ஏஎம்டி தனியாப் பிரிச்சு பராமரிப்பு நிலைக்குத் தள்ளிட்டாங்க. 5600ஜி-க்குள்ள இருக்கறதும் வேகாதான். புது கேம் வந்தா டிரைவர்ல சிறப்பு கவனிப்பு எதிர்பார்க்க முடியாது. அப்புறம் கார்டு போடுவோம்னு சொல்றீங்களே, 5600ஜி-ல சிபியுக்குள்ளேயே இருக்கற எல்3 கேஷ் மெமரி 16 எம்பி, சாதா 5600-ல 32. கார்டு சிபியுவோட பேசற பாதையான பிசிஐஇ-யும் பழைய 3.0தான். ரெண்டு வேலைக்கும் பாதிப் பாதி.

ஸ்லாட்_காலி:
ரெண்டு பேரும் ராம் விலையை விட்டுட்டீங்க. 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிக்கிட்டே போச்சு, டேட்டா சென்டர்காரங்க அள்ளிட்டுப் போறதுதான் காரணம். 8+8 புதுசா வாங்கினா பட்ஜெட்டுல பெரிய ஓட்டை. டெல் டவர்ல 16 ஜிபி ஏற்கெனவே உள்ள இருக்கு. டவர்ல வர்றது சாதாரண நீள டிடிஆர்4 ஸ்டிக். பின்னாடி ஐ3-12100எஃப்-ம் டிடிஆர்4 எடுக்கற எச்610 போர்டும் வாங்கினா அதையே கழட்டி மாட்டிக்கலாம், 3050-யும் கூடவே வரும். குட்டி மைக்ரோ மாடல்ல லேப்டாப் ராம்தான் இருக்கும், அது இதுக்கு உதவாது. மைக்ரோவுல கார்டு போடற ஸ்லாட்டும் கிடையாது.

புது சிஸ்டம்தான் வேணும்னு இருந்தா 5600ஜி வேண்டாம், 12100எஃப் போடுங்க. ஆனா எஃப்-னா உள்ள கிராஃபிக்ஸ் இல்ல, கார்டு இல்லாம திரையே வராது.

வேகா_ஏழு:
ராம் விலை உண்மைதான், மறுக்கவில்லை. என் கவலை வேறு. பழைய மெஷின் வாங்குகிறவர் பெரும்பாலும் 7060-ல் முடிப்பதில்லை. "சார், இதுவும் ஐ5தான், மூவாயிரம் குறைவு" என்று 6500-ஓ 7500-ஓ கையில் கொடுத்துவிடுகிறார்கள். நாலு கோர், நாலு த்ரெட். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் அந்த இரண்டும் இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கடைக்காரர் சோதனையைத் தாண்டவைத்து 11 ஏற்றித் தருவார், டெஸ்க்டாப் பளிச்சென்று இருக்கும். வீட்டுக்கு வந்து வேலரண்டைத் திறந்தால் அதன் சீட்டிங் தடுப்பு மென்பொருளான வேன்கார்டு எரர் காட்டும். விண்டோஸ் 11-ல் அதற்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (Secure Boot, நம்பகமான விண்டோஸை மட்டும் ஏற்றும் பயாஸ் செட்டிங்) இரண்டும் கட்டாயம்.

எஸ்எஃப்எஃப் எனும் ஒல்லி கேபினெட்டைத் தள்ளிவிட்டால்? அதில் அரை உயர கார்டு மட்டும்தான் நுழையும். சிலவற்றில் ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்-ஐ ஒட்டி இருக்கும், இரண்டு ஸ்லாட் தடிமன் இடிக்கும்.

செம்புக்கம்பி:
இது நியாயமான பேச்சு. 8500 மாதிரி 8ஆம் தலைமுறைக்குக் கீழ தொடாதீங்க, டவர் மட்டும் எடுங்க. மலிவா இருக்குன்னு ஆர்எக்ஸ் 6400 வாங்கிடாதீங்க, அதுக்கு பிசிஐஇ-ல நாலு லேன்தான் (லேன்னா டேட்டா போற தடம்). 8500 போர்டு பிசிஐஇ 3.0, அதுல நாலு லேன்னா வினாடிக்கு ஏறக்குறைய 4 ஜிபி. கார்டோட 4 ஜிபி மெமரி நிரம்பின நிமிஷம் கேம் திக்கித் திக்கி ஓடும். 3050-க்கு எட்டு லேன், இந்தத் தொல்லை குறைவு. இன்டெல்லோட ஆர்க் ஏ380 கார்டும் வேண்டாம், ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் சிபியு ஒரேயடியா அணுகற வசதி) இல்லாத போர்டுல அது படுத்துடும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-க்கு புது கேம்களுக்கான கேம் ரெடி டிரைவர் 2025 அக்டோபரோட நின்னுபோச்சு. செகண்ட் ஹேண்ட்ல போனா 1650 வரைக்கும் இறங்கலாம், அதுக்குக் கீழ இல்ல.

மாலை_ஆட்டம்:
டவர் பக்கம் சாயறேன். கடையில நின்னுக்கிட்டே என்னென்ன பார்க்கணும்?

செம்புக்கம்பி:
ஆன் பண்ணதும் எஃப்2 தட்டுங்க. பயாஸ் பாஸ்வேர்டு கேட்டுச்சுன்னா அந்த மெஷினை அங்கேயே விட்டுட்டு வாங்க. ஏதோ கம்பெனி பூட்டினது, செக்யூர் பூட் செட்டிங்கைக்கூட உங்களால மாத்த முடியாது. அடுத்து எஃப்12, டயக்னாஸ்டிக்ஸ், முழுசா ஓடவிடுங்க. விண்டோஸ் வந்ததும் சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல பயாஸ் மோடு யுஇஎஃப்ஐ-ன்னு இருக்கணும், அப்பதான் செக்யூர் பூட் வேலை செய்யும். லெகசின்னு (பழைய முறை) இருந்தா அவங்களையே யுஇஎஃப்ஐ-ல புதுசா விண்டோஸ் ஏத்தித் தரச் சொல்லுங்க. டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் ரெண்டு ஸ்லாட் நிரம்பியிருக்கான்னு பாருங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு எஸ்எஸ்டி ஹெல்த் எத்தனை சதவீதம்னு பாருங்க, 90-க்குக் கீழன்னா மாத்தித் தரச் சொல்லுங்க.

வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளை போர்டுல குத்தாதீங்க, கார்டுல குத்துங்க. "கார்டு போட்டும் ஃப்ரேம் வரலை"ங்கற புகார்ல பாதி இதுதான்.

வேகா_ஏழு:
புது சிஸ்டமே நல்லது என்ற என் கருத்து மாறவில்லை, ஆனால் அவர் பட்ஜெட்டில் ராமும் சேர்த்துப் பார்த்தால் டவருக்குக் காரணம் இருக்கிறது. கார்டை மட்டும் புதிதாக, வாரண்டி பில்லோடு வாங்குங்கள். பில்லில் கார்டின் சீரியல் நம்பர் அச்சாகியிருக்க வேண்டும். டவருக்குக் கடை வாரண்டி எத்தனை மாதம், எஸ்எம்பிஎஸ்-உம் அதில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் எர்த் இல்லை என்று அர்த்தம், அப்படியே ஓட்டக் கூடாது.

ஸ்லாட்_காலி:
யுபிஎஸ் 600 விஏ போதும், 360 வாட் வரைக்கும் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகைன்னா அதை மட்டும் நம்பாதீங்க. கரண்ட் போய் மாறும்போது ஆக்டிவ் பிஎஃப்சி வகை எஸ்எம்பிஎஸ் சில சமயம் கட் ஆகி சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும்.